பின்னால் விட்டு நிறுத்துகிறவர்

நமெரிகாவாவில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஹிராகி நோபுமாசாவின் கையில் பாஸானவர்கள். மீதிப் பாதி அவர் கையில் ஃபெயிலாகி வேறு ஊருக்குப் போய் லைசென்ஸ் வாங்கியவர்கள் என்று அவர் மனைவி சுமியே சொல்வாள்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, கடற்கரைச் சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருந்தது. மதிலுக்குள் ஒரு குட்டி ஊர். சிக்னல் இருந்தது, மேடு இருந்தது, ரயில் வராத ரயில்வே கேட் இருந்தது. வீடுகளும் ஆட்களும்தான் இல்லை. ஓய்வு பெறும்வரை ஹிராகி அந்த ஊருக்குள்ளேயே சுற்றினார், அதுவும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து. அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருந்தது. பிள்ளைகள் பயப்படுவதற்கு ஒரு கணம் முன்பாகவே அவர் கால் அதன்மேல் இருக்கும்.

சுமியே அதே பள்ளியில் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் வேலை பார்த்தாள். புருஷன் சுற்றிச் சுற்றி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே ரசீது போட்டாள். இருவரும் ஒரே நாளில் லீவு எடுத்தால் பள்ளி ஓடாது என்பதால் மாறி மாறித்தான் எடுத்தார்கள். சேர்ந்து வெளியூர் போய்த் தங்கியது மகள் கல்யாணத்துக்குக் கனசாவா போனபோது ஒரே ஒருமுறை. அன்றைக்கு விடுதியில் சம்பந்திகளோடு ஒரே கூடத்தில் படுக்கை. விடுதிக்காரர்கள் எல்லா மெத்தையையும் வடக்கே தலைமாடு வைத்து விரித்துவிட்டார்கள். சம்பந்திகள் முன்னால் தன் மெத்தையை மட்டும் திருப்பிப் போட சுமியேவுக்குக் கூச்சம். விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் மகள் கல்யாணத்தில் பாதித் தூக்கத்தில் நின்றாள். ஃபோட்டோவில் அது தெரிகிறது.

ஓய்வு பெற்ற பிறகு ஹிராகிக்கு ஒரே ஆசைதான் மிஞ்சியது. படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு வீட்டுவண்டி வாங்க வேண்டும், அதில் சுமியேவை உட்கார வைத்துக்கொண்டு மதில் இல்லாத ஊர்களுக்குப் போக வேண்டும்.

"வாங்குங்க. நான் வேண்டாம்னு சொல்லலை," என்றாள் சுமியே. "ஆனா எனக்கு அதுல தூக்கம் வரணும். ஒரு ராத்திரி உட்கார வெச்சீங்கன்னா மறுநாள் ரயில் ஏறி வந்துடுவேன். அப்புறம் நீங்க தனியா சுத்திக்குங்க, சென்செய்."

வீட்டிலும் அவள் அவரைச் சென்செய் என்றுதான் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று இத்தனை வருஷத்தில் அவரால் அளக்க முடிந்ததில்லை.

தனியாகச் சுற்ற அவருக்கு விருப்பமில்லை. தனியாகச் சுற்றுவதாக இருந்தால் பள்ளியிலேயே இருந்திருக்கலாம்.

அதனால் அவர் வண்டிகளைப் படுக்கையிலிருந்து பார்க்கத் தொடங்கினார். மற்றவர்கள் எஞ்சினைக் கேட்பார்கள், பேட்டரியைக் கேட்பார்கள், கூரை எத்தனை பனி தாங்கும் என்று கேட்பார்கள். அவர் சட்டைப்பையில் ஒரு திசைகாட்டியை வைத்துக்கொண்டு சாலையோர நிலையங்களுக்குப் போனார். கழிப்பறையும் காய்கறிக் கடையும் பெரிய வண்டி நிறுத்துமிடமும் உள்ள அந்த நிலையங்களில்தான் வீட்டுவண்டிக்காரர்கள் இரவு தங்குவார்கள். பல் துலக்கிக்கொண்டிருக்கும் அந்நியர்களிடம் போய்க் குனிந்து வணங்கி, "மன்னிக்கணும், நீங்க தலையை எந்தப் பக்கம் வெச்சுப் படுக்கிறீங்க?" என்று கேட்டார்.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுவண்டிக்காரர்களுக்குத் தங்கள் வண்டியைப் பற்றி யாராவது எதையாவது கேட்டால் போதும். தம் வண்டியின் படம் போட்ட முகவரி அட்டையைக் கொடுத்து உள்ளே கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் தன் திசைகாட்டியைப் படுக்கைக்கு நேர் மேலே கூரையில் ஒட்டி வைத்திருந்தார். வேறொரு வண்டியில் புருஷன் வடக்கே, பெண்டாட்டி தெற்கே.

"இவருக்கு நம்பிக்கை இல்லை, எனக்கு உண்டு," என்றாள் அந்த அம்மாள். "ராத்திரி முழுக்க இவர் கால் என் மூஞ்சிக்கு நேரா."

"அவ கால் மட்டும் எங்கே இருக்காம்?" என்றார் புருஷன் உள்ளேயிருந்து.

ஹிராகி இதையெல்லாம் வீட்டுக்கு வந்து சொன்னார். சுமியே சிரித்தாளே தவிர இறங்கி வரவில்லை. கோயில் பிக்குவே இதில் ஒன்றுமில்லை, புத்தர் வடக்கே தலைவைத்துத்தான் படுத்தார் என்று சொன்னதை அவர் நினைவூட்டினார்.

"அவருக்குச் சரி," என்றாள். "அதுக்கப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லையே."

இரண்டு வண்டிகள் மிஞ்சின.

ஒன்று ஹருமிச்சி கம்பெனியுடையது. நகோயா பக்கத்துப் பெரிய கம்பெனி, தொயாமாவில் கண்ணாடிச் சுவர் வைத்த காட்சியறை. உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றி வைக்க ஒரு பள்ளம், கை எட்டும் இடத்தில் விளக்கு, இரண்டு பேர் எதிரெதிராக உட்கார மேசை. பின்பக்கம் நீளவாக்கில் கட்டில். தலைமாடு பின் ஜன்னலை ஒட்டி இருந்தது. கால்மாடு குறுகி, அதன் மேல் துணி அலமாரி தொங்கியது. மாற்றிப் படுத்தால் எழும்போது நெற்றி இடிக்கும்.

ஓட்டிப் பார்த்தார். வண்டி சொன்னதைக் கேட்டது. திருப்பத்தில் தளும்பவில்லை, பிரேக்கில் குனியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வந்த சுமியேவுக்கு, இறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. அவள் விற்பனைப் பையனிடம் கேட்டாள்.

"தம்பி, நிறுத்துற இடத்துல வண்டியோட பின்பக்கம் வடக்கே போச்சுன்னா என்ன பண்றது?"

"வண்டியைத் திருப்பி நிறுத்திடலாம்மா," என்றான் பையன் சிரித்துக்கொண்டே.

ஹிராகி சிரிக்கவில்லை. நிறுத்துமிடத்தில் கோடு போடுவது நகராட்சி. கோட்டுக்குள் வண்டி எப்படி நிற்க வேண்டுமோ அப்படித்தான் நிற்கும். இந்தப் பையனுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தார்களோ என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொரு வண்டி கொதானி பட்டறையுடையது. ஜின்சூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் தகரக் கூரை போட்ட இடம், மூன்று பேர் வேலை. கொதானி நாற்பது வயதுப் பெண்மணி, காதில் பென்சில் செருகியிருந்தாள். மீன்பிடிப் படகுகளுக்குள் படுக்கையும் அலமாரியும் அடித்துக்கொண்டிருந்தவள், சில வருஷமாகச் சிறிய லாரிகளின் முதுகில் வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் எதையும் விற்கவில்லை. கேள்வி கேட்டாள். பட்டறைத் தரையில் சாக்கட்டியால் ஒரு செவ்வகம் வரைந்து, இருவரையும் செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் படுக்கச் சொன்னாள். இருவரும் சிமென்ட் தரையில் மல்லாந்து படுத்து மேலே தகரத்தைப் பார்த்தார்கள்.

"ராத்திரி யார் முதல்ல எழுந்திருப்பா?"

"நான்," என்றார் ஹிராகி.

"குறட்டை?"

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் காட்டினார்கள். கொதானி இரண்டையும் குறித்துக்கொண்டாள்.

"இதுல தலைமாடு எந்தப் பக்கம்?" சுமியே படுத்தபடியே கேட்டாள்.

"நீங்க வெக்கிற பக்கம்தான். ரெண்டு முனையிலயும் விளக்கு வெப்பேன், ரெண்டு முனையிலயும் எழுந்து உட்கார உயரம் விடுவேன். படகுல அப்படித்தான். படகுக்கு ஏது வடக்கு?"

சுமியே தரையில் அரைவட்டமாகச் சுழன்று தலையை மறுபக்கம் வைத்துப் பார்த்தாள். மறுபடி சுழன்றாள். தலையில் சாக்கட்டித் தூள். இவ்வளவு உற்சாகமாக அவளை ஹிராகி அண்மையில் பார்த்ததில்லை.

"வண்டியை எப்படி நிறுத்துவீங்க?" கொதானி அவரிடம் கேட்டாள்.

"எப்படின்னா?"

"நிறுத்துமிடத்துல."

"பின்னால விட்டு."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே." வேறு எப்படி என்று கேட்க வாயெடுத்து, மரியாதைக்காக விட்டுவிட்டார்.

கொதானி காதிலிருந்த பென்சிலை எடுத்து அவரை ஒரு கணம் பார்த்தாள். "அப்படின்னா உங்களுக்கு இந்தப் படுக்கைதான் வேணும்," என்றாள்.

சுமியேவைப் பக்கத்தில் உட்கார வைத்து மாதிரி வண்டியை ஆற்றங்கரையில் ஓட்டினார். லாரி லாரிதான். பக்கக்காற்று அடித்தால் முதுகிலிருந்த வீடு ஒரு பக்கம் போனது, சக்கரம் ஒரு பக்கம் போனது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் அலமாரியில் கோப்பைகள் பேசிக்கொண்டன. பெரிய குறையென்று எதையும் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தே போனவர், கடைசியில் ஓட்டக் கிடைக்கும் வண்டி கொஞ்சம் சந்தோஷமாக ஓட வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். கொதானியிடம் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்கவும் வேண்டும்.

திரும்பும் வழியில் சுமியே தலையிலிருந்த சாக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டே வந்தாள். அவருக்குப் பிடித்த வண்டியில் அவள் தூங்க மாட்டாள். அவள் தூங்கக்கூடிய வண்டி அவருக்குப் பிடிக்கவில்லை. இது இருவருக்கும் தெரியும்.

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு," என்றாள் சுமியே கடைசியில்.

"ம்."

"உங்களுக்கு அந்த இன்னொரு வண்டிதான்."

"நான் சொல்லலையே."

"உங்க கால் சொல்லுது. லாரியில வரும்போது பூரா பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தீங்க. ஹருமிச்சியில தேவையில்லாம ஒரு தடவைகூட மிதிக்கலை."

வாங்க நினைப்பவர்களுக்கு ஹருமிச்சிக்காரர்கள் வண்டியை ஓர் இரவுக்கு வாடகைக்குக் கொடுப்பார்கள். முடிவெடுக்குமுன் ஒரே ஒருமுறை போய்ப் பார்ப்போம் என்று சுமியேவே சொன்னாள். எங்கே என்றதற்கு, "அந்தப் பக்கத்துக் கடலைப் பார்க்கணும்," என்றாள். அவள் பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கத்துக் கடலோரம். தீவின் மறுபக்கம் இன்னொரு கடல் இருப்பது அவளுக்கு வானிலை அறிக்கையில் மட்டும்தான் தெரியும்.

மலைகளைக் கடந்து சாயங்காலம் ஒமாயெசாகி பக்கத்துச் சாலையோர நிலையத்தை அடைந்தார்கள். பைன் மரக் குன்றின் அடியில் வண்டி நிறுத்துமிடம், சாலைக்கு அப்பால் கடல். ஹிராகி கண்ணாடிகளைப் பார்த்தார், தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்தார், ஒரே வீச்சில் பின்னால் விட்டுக் கோட்டுக்கு நடுவில் நிறுத்தினார். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. வாடகை வண்டியானாலும் அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

சுமியே சோற்று உருண்டைகளை எடுத்து வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்.

"மலை எந்தப் பக்கம்?"

"பின்பக்கம்."

"கடல்?"

"முன்பக்கம்."

"அப்போ சரி," என்றாள்.

நமெரிகாவாவில் அவர்கள் வீட்டுப் படுக்கை அப்படித்தான். தலைமாடு மலைப்பக்கம், கால்மாடு கடல்பக்கம். அவள் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் படுத்திருக்கிறாள். வடக்கு என்பது கடல். கடலுக்குக் கால் நீட்டினால் எல்லாம் சரி. போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தவள் இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். கனசாவாவில் சுவரில் சாய்ந்திருந்த சுமியே இல்லை, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கும் சுமியே.

ஹிராகி முன்னால் போய் வழிகாட்டித் திரையை அணைக்கக் கை நீட்டினார். திரையில் வண்டியின் சிறிய உருவம் தெரிந்தது. அதன் மூக்கு கீழே பார்த்தது. பின்பக்கம், தலையணை இருந்த பக்கம், நேர் மேலே, வடக்கே. சட்டைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார். அதுவும் அதையே சொன்னது.

இந்தப் பக்கக் கடல் தெற்கே இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அவள் கேட்டதற்கு நேர்மையாகத்தான் பதில் சொன்னார். இருந்தாலும் திரையை அணைத்த கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

எழுப்பலாம். எழுப்பினால் அவள் உட்கார்ந்துவிடுவாள், காலையில் ரயில். எழுப்பாமலும் இருக்கலாம். யாரும் எதிலும் இடிக்கப் போவதில்லை. இப்படி ஒரு நேரத்தில் அவர் கால் இதுவரை சும்மா இருந்ததில்லை. அன்று சும்மா இருந்தது. அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். அந்த வண்டியில் அன்று தூங்காதவர் அவர் ஒருவர்தான்.

காலையில் சுமியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வரும்போது நடை மெதுவானது. சாலை ஓரத்தில் நின்று கடலைப் பார்த்தாள். பிறகு இடதுபக்கம் திரும்பிச் சூரியனைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். ஹிராகி தேநீர்ப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சென்செய்."

"ம்."

"நம்ம ஊர்ல காலையில கடலைப் பார்த்து நின்னா வெயில் வலது கன்னத்துல அடிக்கும்."

"ஆமா."

"இங்கே இடது கன்னத்துல அடிக்குது."

அவர் தேநீரைக் கோப்பையில் ஊற்றினார்.

"நான் ராத்திரி வடக்கே தலை வெச்சா படுத்தேன்?"

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நீ தூங்கினப்புறம்தான் கவனிச்சேன்."

"கவனிச்சுட்டு?"

"தூங்கிட்டிருந்தே. எழுப்ப மனசு வரலை."

சுமியே துண்டை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள். "நீங்க தூங்கினீங்களா?"

"இல்லை."

"என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"நீ மூச்சு விடறியான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவள் அவரை முறைத்தாள். முறைப்பு வெகுநேரம் நிற்கவில்லை. வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்கியது. "நம்பிக்கை இல்லாதவர் ராத்திரி பூரா முழிச்சிருந்திருக்காரு, நம்பிக்கை இருக்கிறவ குறட்டை விட்டிருக்கா."

"அப்போ இனிமே எந்தப் பக்கம்னாலும் படுப்பியா?"

"மாட்டேன். தெரியாம படுக்கிறது வேற, தெரிஞ்சு படுக்கிறது வேற. இனிமே எந்த ஊருக்குப் போனாலும் நான் சூரியனைக் கேட்டுட்டுத்தான் படுப்பேன்."

ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தார். சுமியே வண்டியைச் சுற்றி நடந்தாள். ஒரு முறை சுற்றி முன்பக்கம் வந்து நின்றாள்.

"இதை ஏன் இப்படி நிறுத்தினீங்க?"

"எப்படி?"

"பின்னால விட்டு."

"வண்டியைப் பின்னால விட்டுத்தான் நிறுத்தணும்."

"மூக்கை உள்ளே விட்டு நிறுத்தியிருந்தா?"

ஹிராகி வண்டியையும் குன்றையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கு குன்றைப் பார்த்திருந்தால் தலையணை கடலைப் பார்த்திருக்கும். தலையணை தெற்கே இருந்திருக்கும். கோடு அதே கோடு. நகராட்சிக்கு ஆட்சேபணை இல்லை.

இத்தனை மாதம். போலீஸ்காரரின் கூரை, எதிரெதிராகப் படுத்த தம்பதி, சிமென்ட் தரையில் சாக்கட்டி. உலகத்தில் இருக்கிற எந்த இடத்திலும் ஒரு வண்டியை இரண்டு விதமாக நிறுத்தலாம். அதில் ஒன்றுதான் வடக்கே போகும், இன்னொன்று போகவே முடியாது. விற்பனைப் பையன் இதைத்தான் சொன்னான். அவர் காதில் அது விழவே இல்லை, ஏனென்றால் அவர் உலகத்தில் இரண்டாவது விதம் கிடையாது.

நிறுத்துமிடத்தைச் சுற்றிப் பார்த்தார். வரிசையாக எல்லா வண்டிகளும் முகத்தை வெளியே காட்டிக்கொண்டு நின்றன. ஒன்றுகூட மூக்கை உள்ளே விட்டிருக்கவில்லை. நாடு முழுக்க அவரைப் போன்றவர்கள்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

"அது அழகா இருக்காது," என்றார்.

"யாருக்கு?"

பள்ளியில் ஓகிதா என்று ஒரு பெண் இருந்தாள். எல்லாம் நன்றாக ஓட்டுவாள், பின்னால் விடும்போது மட்டும் கம்பத்தை இடிப்பாள். திரும்பத் திரும்ப அதே கம்பம். ஒருநாள் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "சென்செய், மூக்கை விட்டு நிறுத்தினா என்ன குறைஞ்சு போகுது?" என்று கேட்டாள். "உன் மானம்," என்றார் ஹிராகி. அந்தப் பதில் ஊரில் பிரசித்தம். நமெரிகாவா சூப்பர் மார்க்கெட்டில் ஒரு வண்டிகூட மூக்கை விட்டு நிற்காததற்கு அதுவே காரணம் என்று சொல்வார்கள்.

"மானம் போனா போகட்டும், எனக்குத் தூக்கம் வருதே," என்றாள் சுமியே. அவர் எதை நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ரசீது ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அவள் அதையும் கேட்டிருந்தாள்.

ஊர் திரும்பியதும் ஹிராகி முதலில் கொதானியிடம் போனார். வேறு இடத்தில் வாங்கப் போகிறோம் என்பதை நேரில் சொல்வதுதான் முறை என்று நினைத்தார். ஆவியில் வேகவைத்த மீன் உருளை ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு போய், நடந்ததைச் சொன்னார். கொதானி ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தாள். வெளியே வராமலேயே கேட்டாள்.

"நான் கேட்டேனே, எப்பவுமேவான்னு."

"கேட்டீங்க."

"நீங்க எப்பவுமேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்படிச் சொல்றவங்களை நம்பித்தான் என் பட்டறை ஓடுது," என்றாள் லாரியின் அடியிலிருந்து. "மீனை அந்த மேசை மேல வெச்சுடுங்க, சென்செய். நானும் உங்ககிட்டதான் லைசென்ஸ் வாங்கினேன். உங்களுக்கு ஞாபகம் இல்லை."

அவருக்கு ஞாபகம் இல்லைதான். திரும்பும்போது அவள் லாரியை எப்படி நிறுத்தியிருக்கிறாள் என்று பார்த்தார். பின்னால் விட்டு, கோட்டுக்கு நடுவில்.

ஹருமிச்சி வண்டி மழைக்காலம் முடிந்து வந்தது. பயிற்சிப் பள்ளியின் விடுமுறை நாளில் பழைய முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, ஹிராகி அதை மதிலுக்குள் ஓட்டிப் போனார். மூக்கை உள்ளே விட்டு நிறுத்திப் பழக வேண்டும். எளிதாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். நீள வண்டி. முன்பக்கம் உள்ளே போனது, பின்பக்கம் தன் பாட்டுக்கு அகலமாக வீசியது. முதல் முயற்சியில் கம்பத்தை இடித்தார். அதே கம்பம். அலுவலக ஜன்னலைப் பார்த்தார். சுமியே அதன் பின்னால் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடுமுறை நாளில் அங்கே அவளுக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. பின்னால் எடுத்து, மறுபடி உள்ளே விட்டார்.

சொந்த வண்டியில் முதல் பயணமாக ஹிதா மலைப்பக்கம் போனார்கள். முதல் இரவு தங்கிய நிலையத்தில் கோடுகள் வடக்கும் தெற்குமாக இருந்தன. சாயங்காலம் சுமியே இறங்கி நின்று, எந்த மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிறது என்று பார்த்தாள். கையை நீட்டி, தலைமாடு அந்தப் பக்கம் என்றாள். அந்தப் பக்கம் என்றால் மூக்கு உள்ளே. ஹிராகி ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூக்கை உள்ளே விட்டார். சரியாகத்தான் நின்றது. வரிசையில் எல்லோரும் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்க, அவர் வண்டி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

காலையில் அவர் வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கடைக்குச் சரக்கு கொண்டுவந்த ஒரு சிறிய லாரி பக்கத்துக் கட்டத்தை நோக்கி வந்தது. கட்டத்தைத் தாண்டி நின்றது. பின்பக்க விளக்கு எரிந்தது. ஒரே வீச்சில் பின்னால் வந்து, கோட்டுக்கு நடுவில் நின்றது. ஓட்டி வந்த பெண் இறங்கினாள். தொயாமா மீன் உருளைப் பெட்டிகளின் வாசனை அவளோடு இறங்கியது. அவரைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், வண்டி நிற்கிற விதத்தைப் பார்த்தாள்.

"சென்செய்?"

ஓகிதா. கொஞ்சம் குண்டாகியிருந்தாள்.

"சென்செய், நீங்களா? மூக்கை விட்டா?" அவள் குரல் நிறுத்துமிடம் முழுக்கக் கேட்டது. "மானம் என்னாச்சு சென்செய்?"

ஹிராகி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, உதட்டில் விரல் வைத்தார். வண்டியின் பின் ஜன்னலைக் காட்டினார். திரை மூடியிருந்தது. வெயில் அதன்மேல் முழுசாக விழுந்திருந்தது.

"உள்ளே தூங்கறாங்க," என்றார் மெதுவாக.

ஓகிதா உடனே குரலைத் தாழ்த்தினாள். "ஆபீஸ் அக்காவா?"

தலையாட்டினார்.

"இவ்வளவு நேரமா?"

மறுபடி தலையாட்டினார். அதைச் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஓகிதா தன் லாரியை நோக்கிக் கையைக் காட்டி, எப்படி என்று புருவத்தால் கேட்டாள்.

அவர் எழுந்து போய் இரண்டு பக்கமும் கோட்டைப் பார்த்தார். "நல்லாதான் விட்டே," என்று கிசுகிசுத்தார். "ஆனா இடதுபக்கக் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை."

"பார்த்தேன் சென்செய்."

"கண்ணால பார்த்தே. தலையைத் திருப்பலை."

அவள் வாய்க்குள் சிரித்துக்கொண்டே பெட்டிகளைச் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக இறக்கினாள். ஹிராகி நாற்காலிக்குத் திரும்பினார். தேநீர் ஆறிப் போயிருந்தது. திரை அசையவில்லை.